பி.ஏ. வரலாறு முடித்தாயிற்று, அடுத்து எந்தப் பக்கம்?

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன நாளில் கல்லூரி வாசலில் நின்று ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டோம். அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய ஒரு தாளை மட்டும் மறந்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியபோது, சொந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்கும் கல்லூரிக்குமாக மாறி மாறிப் பேருந்து ஏறினேன். ஓரிடத்தில் தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தார், இன்னோரிடத்தில் முத்திரை பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டியை வேலைகளிலிருந்து தொடங்காமல் தாள்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்

நான் விட்டுவிட்டு வந்த தாள், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ். பி.எஸ்.டி.எம். என்பார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு என்று 2010இல் சட்டம் வந்தது. பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் முதலிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தம் வந்தது. ஆகவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாக, அந்தந்தப் படிவத்திலேயே வாங்க வேண்டும். நம் மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் நடக்கிறது. வெளியே அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் அதுதான் நமக்கு அனுகூலம்.

இரண்டாவதாக, பட்டத்தின் பெயரைப் பாருங்கள். சான்றிதழில் 'வரலாறு' என்று மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. 'வரலாறும் சுற்றுலாவும்', 'வரலாற்றியல்', 'இந்தியப் பண்பாடு' என்பதுபோல் இருந்தால், அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனத் துறைத் தலைவரிடம் கேட்டு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலைக்குத் தேர்வெழுதித் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இந்த இணைத்தன்மைச் சிக்கலில் மாட்டுவது கொடுமையான விஷயம்.

இரண்டாவது படி: எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடுவது

எந்த வேலை பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன், சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும் என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். கசப்பான பேச்சுதான், ஆனால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். உடனே வருமானம் வேண்டும் என்றால் ஒரு வழி, இரண்டு வருடம் படிக்க முடியும் என்றால் ஒரு வழி, ஐந்தாறு வருடம் பொறுக்க முடியும் என்றால் வேறு வழி. கையில் ஆறு மாதப் பணத்தை வைத்துக்கொண்டு ஆறு வருட வழியில் இறங்கியவர்கள்தான் 'ஹிஸ்டரி எடுத்து வாழ்க்கையே போச்சு' என்று பின்னாளில் சொல்கிறார்கள்.

என் கணக்கில் வரலாற்றுப் பட்டம் வெறும் சோறு மாதிரி. மேலே எதையாவது ஊற்றித்தான் சாப்பிட முடியும். பி.எட்., கல்வெட்டு வாசிப்பு, சட்டம், நூலகவியல், ஒரு வெளிநாட்டு மொழி என்று ஊற்றிக்கொள்ள நிறைய இருக்கிறது. எதுவும் சேர்க்காமல் பட்டத்தை மட்டும் நீட்டினால் வேலை கொடுப்பவருக்கு நம்மை எங்கே உட்கார வைப்பது என்றே தெரியாது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்தக் குழம்பு வகைகளைப் பற்றித்தான்.

போட்டித் தேர்வுகள்

பலரும் முதலில் எட்டிப் பார்ப்பது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி என்பதால் கூட்டம் அதிகம். 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பட்டதாரிகளுக்கான குரூப் 2, குரூப் 1 இரண்டும் அதற்கு மேலே. மூன்றிலும் இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் வருகின்றன. தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்று தனியாகவும் ஒரு பகுதி இருக்கிறது. இங்கே நாம் நான்கடி முன்னால் நிற்கிறோம். ஆனால் வரலாற்றுக்காரர்கள் கோட்டை விடுவது 25 கேள்விகள் கொண்ட திறனறிவுக் கணக்கில். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், வேலையும் நேரமும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களை எடுத்துத் தினம் ஒரு மணி நேரம் போட்டாலே போதும். படித்த வரலாற்றையே திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும். மதிப்பெண் அங்கே ஏறாது.

பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் பழைய கைடு வாங்கும் முன் நடப்பு அறிவிக்கையை ஒரு முறை படித்துவிடுங்கள். கோயில்களில் ஈடுபாடு உள்ள இந்து மாணவர்கள், அறநிலையத் துறைச் செயல் அலுவலர் பதவிக்கான தேர்வையும் கவனிக்கலாம். சைவ, வைணவச் செய்திகள் தனித்தாளாக வரும்.

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். முதல் தாளின் முதல் கேள்வியே வரைபடம். 20 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். இடத்துக்கு இரண்டரை மதிப்பெண், ஆக 50. வெறும் இந்திய வரைபடங்களைக் கட்டாக வாங்கிக்கொண்டு, தினமும் பத்துத் தொல்லியல் இடங்களைக் குறித்துப் பழகுங்கள். விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். நேர்மையாகச் சொன்னால், மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் இதில் மட்டும் இறங்காதீர்கள்.

வங்கி, எஸ்.எஸ்.சி., ரயில்வே தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் சரி. அங்கே நம் வரலாறு உதவுவதும் குறைவு, கெடுப்பதும் இல்லை.

ஆசிரியர் வேலை

இரண்டு வருட பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியர் வழி திறக்கிறது. அரசுப் பள்ளி என்றால் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் தலா 30, சமூக அறிவியல் 60. இந்த 60க்குள் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் கலந்திருக்கும். பாறை வகையும் பருவக்காற்றும் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். டெட்டில் தேறியதும் வேலை வந்துவிடாது, அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது. வேலை கிடைத்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400.

எம்.ஏ., பி.எட். இரண்டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. அதில் பாடத்துக்கு 110, கல்வி உளவியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. மேல்நிலை வகுப்பில் வரலாற்றை மட்டுமே நடத்தலாம் என்பதால் பாடத்தின் மேல் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இதுதான் நிம்மதி.

கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ.க்குப் பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) எழுத வேண்டும். நெட்டில் முதல் தாளுக்கு 100, இரண்டாம் தாளுக்கு 200 மதிப்பெண். அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு நல்கை கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். ஏழை வீட்டுப் பிள்ளை ஆய்வு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதுதான் நம் ஆட்களுக்கு இடறும் கல். தமிழ் வழியில் படித்தவர்கள் எம்.ஏ. முதல் வருடத்திலேயே, நாளுக்குப் பத்துப் பக்கமாவது ஆங்கில வரலாற்று நூல்களைப் படிக்கத் தொடங்கிவிட வேண்டும். இன்னொன்று: நெட் தேறியும் நிரந்தரப் பணி கிடைக்காமல் கௌரவ விரிவுரையாளர்களாகவே வருடங்களைக் கழிப்பவர்கள் ஏராளம். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

கல்லும் மண்ணும்

கீழடிக்குப் பிறகு தொல்லியலில் சேர வேண்டும் என்று கேட்கும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது 2014-15 பருவத்தில். 2018இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்து நடத்துகிறது. 2023 மார்ச்சில் அங்கேயே அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஒரு நாள் முழுக்க அங்கே நில்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் பார்த்து 'இதைப் படிக்கத் தெரியவில்லையே' என்று உங்களுக்கு வயிறு எரிந்தால், நீங்கள் சரியான ஆள்.

இந்தத் துறைக்கு பி.ஏ. மட்டும் போதவே போதாது. எம்.ஏ.வும், அதற்கு மேல் தொல்லியல் பட்டயமும் வேண்டும். மூன்று கதவுகள் இருக்கின்றன. மாநிலத் துறை, தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியகவியல் நிறுவனத்தில் உதவித்தொகையோடு இரண்டு வருட முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. மத்தியத் துறைக்கு கிரேட்டர் நொய்டாவில் பண்டித தீனதயாள் உபாத்யாயா தொல்லியல் நிறுவனம் இருக்கிறது, அதுவும் இரண்டு வருடம்தான். இதற்கான தகுதிப் பட்டியலில் 2020இல் தமிழ் விடுபட்டுப்போய், எதிர்ப்பு கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். விண்ணப்பிக்கும்போது அறிவிக்கையைக் கவனமாகப் படிக்கச் சொல்வது இதனால்தான். மூன்றாவது பல்கலைக்கழக வழி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை.

இவை கிடைக்கும் வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை கல்வெட்டு வாசிப்பு. வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் தமிழி எனப்படும் பழைய தமிழ் பிராமி எழுத்தில் இறங்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் தொடங்குங்கள். ராஜராஜன் காலத்து எழுத்து முத்து முத்தாக இருக்கும், முக்கால்வாசி நம் இன்றைய எழுத்தை ஒத்திருக்கும். ஆனால் புள்ளி இருக்காது. 'க' என்பதா 'க்' என்பதா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். முதல் வாரம் தலை சுற்றும். இரண்டாவது மாதம் கோயில் சுவர் பேசத் தொடங்கும்.

அதோடு மெய்க்கீர்த்திகளின், அதாவது கல்வெட்டின் முகப்பில் அரசன் புகழைச் சொல்லும் வரிகளின், தொடக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன். 'திருமன்னி வளர' என்றால் முதலாம் ராஜேந்திரன். சுவரில் பாதி சிதைந்து அரசன் பெயரே இல்லாமல் போனாலும் முதல் இரண்டு சொல் மிஞ்சியிருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இதைச் செய்து காட்டும் பி.ஏ. மாணவரை எந்த ஆய்வாளரும் கூடவே களப்பணிக்கு அழைத்துப் போவார்.

களப்பணியில் கற்க வேண்டியது மைப்படி எடுப்பது, அதாவது கல்வெட்டை மையால் தாளில் அப்படியே பதிவெடுப்பது. கல்லை நன்றாகக் கழுவித் தூசும் பாசியும் நீக்கி, நனைத்த தடிமனான தாளை அதன் மேல் ஒட்டுவார்கள். பிறகு தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே வர வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிட்டால் அந்த எழுத்து போச்சு. தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கி, அரை ஈரமாக இருக்கும்போது மை தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றி எடுப்பார்கள். கறுப்புத் தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், துணிப்பந்தை முதலில் தம் உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் வைப்பார். மை மிஞ்சினால் பள்ளத்துக்குள் ஓடிவிடும். பாதுகாக்கப்பட்ட கோயில்களில் துறையின் அனுமதியில்லாமல் இதையெல்லாம் செய்யக் கூடாது. தனியாகப் பழக, இருட்டுகிற நேரத்தில் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தாலே போதும், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும்.

சம்பளம்? தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான், பணம் குறைவு, வெயில் அதிகம். தொல்லியல் அலுவலர் போன்ற நிரந்தரப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. எப்போதாவதுதான் அறிவிக்கை விடும். அதுவரை தாக்குப்பிடிக்க இன்னொரு வருமானம் இருப்பது நல்லது.

ஆவணமும் அருங்காட்சியகமும் நூலகமும்

எழும்பூரில் 1909இலிருந்து இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடத்தைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கடிதங்களிலிருந்து அரசாணைகள் வரை உள்ளே இருக்கின்றன. இந்தத் துறையில் முறையாகப் பயில விரும்பினால், டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஒரு வருடப் பட்டயம் நடத்துகிறது, குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. இந்தப் படிப்பு முடித்தவர்களைத் தனியார் நிறுவனங்களும் எடுக்கின்றன. டாட்டா குழுமத்துக்குப் புனேயிலும் கோத்ரெஜுக்கு மும்பையிலும் சொந்த ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு நிறுவனம்கூட அறிவியல் வரலாற்றுக்கென ஒரு காப்பகம் வைத்திருக்கிறது.

அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும், அருங்காட்சியகவியல் படித்திருந்தால் இன்னும் நல்லது. வடோதராவிலும் கல்கத்தாவிலும் அதற்குப் பழைய, பெயர்பெற்ற துறைகள் உள்ளன.

என் சிபாரிசு கொஞ்சம் வேறு. பி.ஏ. வரலாற்றோடு ஒரு வருட நூலகவியல் பட்டம் சேர்த்துப் பாருங்கள். 1994இல் தொடங்கி இப்போது தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியில் 1955இலிருந்து இயங்கும் பிரெஞ்சு நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் நடப்பதெல்லாம் பழைய நூல், ஓலைச்சுவடி, புகைப்படம் ஆகியவற்றை மின்னுருவாக்கிப் பட்டியல் போடும் வேலை. விக்ருதி, சாலிவாகன சகாப்தம், கொல்லம் ஆண்டு என்று பழைய ஆண்டுக் கணக்கில் போட்டிருக்கும் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஆங்கில ஆண்டைச் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே தேவை. கணினி தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள், இது தெரிந்தவர் கிடைப்பது அரிது.

சுற்றுலா வழிகாட்டி

உடனே வருமானம் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வாசல். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குகிறது, மாநில அரசின் உரிமமும் தனியாக உண்டு. உரிமம் இல்லாமல் ஆட்களை அழைத்துச் சுற்றாதீர்கள். யுனெஸ்கோ பட்டியலில் மாமல்லபுரம் 1984இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இலும் சேர்ந்தன. 2025இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் சேர்ந்திருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குச் செஞ்சியைப் பிடிக்கச் சொல்வேன். மாமல்லபுரத்தில் ஏற்கெனவே கூட்டம்.

ஆங்கிலம் மட்டும் பேசும் வழிகாட்டிக்கும் பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானியமோ பேசுபவருக்கும் நாள் கூலியில் பெரிய வித்தியாசம் உண்டு. சென்னையில் பிரெஞ்சை அலியான்ஸ் பிரான்சேஸிலும் ஜெர்மனை மாக்ஸ் முல்லர் பவனிலும் கற்கலாம். அப்புறம், தேதிகளை ஒப்பிக்காதீர்கள். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கும் காட்சியா என்ற வழக்கைச் சுற்றுலாக்காரர்கள் முன்னாலேயே விரித்துவிட்டு, கீழே பின்னங்கால்களில் எழுந்து தவம் நிற்கும் பூனையைக் காட்டுங்கள். காலடியில் எலிகள். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள்.

யாரும் சொல்லாத வழி

மூன்று வருட சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். வரலாறு படித்து வழக்கறிஞரானவருக்கு நிலத் தகராறுகளில் ஒரு தனிப்பலம் உண்டு. கோயில் நிலம், இனாம் நிலம், பழைய ஜமீன் நிலம் பற்றிய வழக்குகள் கடைசியில் 1860களின் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்ற ஆங்கிலேயர் காலத்து மானிய நிலப் பதிவேடு வரை போய் நிற்கும். அந்தப் பதிவேட்டின் ஒரு பத்தியில் இருக்கும் ஒற்றைச் சொல், நிலம் கோயிலுக்கா பூசாரிக்கா என்பதைத் தீர்மானிக்கும். தேவதானம், பிரம்மதேயம், ஊழிய மானியம், மேல்வாரம், குடிவாரம் என்ற பழைய நில உரிமைச் சொற்களை நாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்தோம். நீதிமன்றத்தில் அவற்றுக்கு விலை இருக்கிறது. வழக்கறிஞராக விருப்பமில்லை என்றால், வழக்கறிஞர்களுக்காக ஆவணக் காப்பகத்தில் தேடிக் கொடுக்கும் வேலையாவது செய்யலாம்.

பத்திரிகை, மொழிபெயர்ப்பு, ஆவணப்படங்களுக்கான ஆய்வு எல்லாம் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்குப் பட்டத்தை யாரும் கேட்பதில்லை, எழுதியதைத்தான் கேட்பார்கள். ஊர்க் கோயிலைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ ஆதாரத்தோடு நாலு கட்டுரை எழுதி வைத்திருங்கள்.

இந்த மாதமே செய்ய

எந்த வழி என்று இன்னும் பிடிபடவில்லையா? ஒரு வாரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாள் பழைய டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஒரு நாள் தெரிந்த பள்ளியில் கேட்டு எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்துங்கள். ஒரு நாள் பக்கத்துக் கோயில் கல்வெட்டின் முன் உட்காருங்கள். இன்னொரு நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போக அனுமதிக் கடிதம் ஒன்றைத் துறைத் தலைவரிடம் வாங்குங்கள். எந்த நாளில் மதியச் சாப்பாட்டை மறந்தீர்கள் என்று பாருங்கள். காப்பகத்துக்குப் போகும்போது பையில் பென்சிலும் அதைச் சீவ ஒரு துருவியும் இருக்கட்டும், பழைய தாள்களின் பக்கத்தில் பேனாவை எடுக்க விடமாட்டார்கள்.